தகடு இருக்க வேண்டிய இடம்

பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருகிறவர்கள், வாயைத் திறக்கச் சொல்வதற்குள் மனதில் இருப்பதைக் கொட்டிவிடப் பார்ப்பார்கள். நோட்புர்கா பிளாட்னர், நெருங்கியவர்களுக்குப் புர்கி, இருபத்தாறு வருடமாக அதைக் கேட்டுப் பழகியவள். மருமகள் வாங்கிய நாய், மேல் வீட்டுக்காரனின் பியானோ, தெற்கிலிருந்து வெப்பக்காற்று அடித்தால் வருகிற தலைவலி. அன்று கோர்பினியன் சொல்ல வந்தது அந்த வகை இல்லை என்பது அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

கோர்பினியன் இன்ஸ்ப்ரூக் நகரத்துக்கு மேலே மலைக்குப் போகும் கேபிள் காரை ஓட்டுகிறவன். கடைவாய்ப் பல்லில் வலி என்று வந்திருந்தான்.

"டாக்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும். நீங்க ஏற்கெனவே பாத்திருந்தா சந்தோஷம். பாக்கலைன்னா கெட்ட சேதி கொண்டு வந்தவன் நான்தான்னு ஆயிடும், அந்தக் கோவத்த என் பல்லு மேல காட்டக் கூடாது."

"காட்டு."

கைபேசியில் ஒரு படம். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. அதில் நான்கு போல்ட்டுகளில் மாட்டிய ஒரு செப்புத் தகடு. மேலே சின்னச் சிலுவை. அதற்குக் கீழே அவள் தம்பியின் பெயர், வெண்டலின் பிளாட்னர். பிறகு நாலு வரி.

*கயிறு பையில் தூங்கிக் கிடக்க,*
*காலடிக் கல்லோ நழுவிச் செல்ல,*
*முன்னே போனவளை நம்பி வந்தவன்*
*மண்ணில் உறங்குகிறான். ஜெபியுங்கள்.*

மலையில் யாராவது செத்தால் அந்த இடத்தில் தகடு மாட்டி, எப்படிச் செத்தார் என்று பாட்டாக எழுதி வைப்பது ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் தொன்றுதொட்டு வருவது. இடி விழுந்தவன், பனிச்சரிவில் போனவள், மரம் சாய்ந்து போனவன், மாடு முட்டிப் போன பாதிரியார். வழிப்போக்கர்கள் நின்று படிப்பார்கள், பாட்டு மோசமாக இருந்தால் சிரிப்பார்கள், பிறகு சிலுவை போட்டுக்கொண்டு நடப்பார்கள். சின்ன வயதில் புர்கியும் வெண்டலினும் இந்தப் பாட்டுகளை மனப்பாடம் செய்து சாப்பாட்டு மேசையில் ஒப்பித்து அப்பாவிடம் அடி வாங்கியதுண்டு.

முன்னே போனவள் என்றால் யார் என்று இன்ஸ்ப்ரூக்கில் மலை ஏறுகிற யாரும் கேட்கத் தேவையில்லை. சென்ற செப்டம்பரில் ரம்ப முகட்டில் வெண்டலினோடு போனது ஒரே ஒருத்தி.

"யாரு மாட்டினது?"

"ரோஸ்வித்தா செய்யச் சொல்லியிருக்கா. தூக்கிட்டுப் போய் மாட்டினது மலையேற்றக் கிளப்புப் பசங்க ரெண்டு பேரு. போன வாரம் என் வண்டியிலதான் டிரில்லோட ஏறினானுங்க. நான் தடுத்திருக்கணுமா? பாட்டு அப்ப எனக்குத் தெரியாது, காகிதம் சுத்தியிருந்தது."

புர்கி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தகட்டுக்கு வலப்பக்கம் பாறையில் அடித்த இரும்பு முளை ஒன்று, அதிலிருந்து போகிற கம்பி வடம். அவள் பாட்டை விட்டுவிட்டு அந்த முளையையே பார்த்தாள்.

"இது அந்த இடமே இல்லையே," என்றாள்.

"என்னது?"

"வாயத் திற."

பல்லைக் குடைந்து, அடைத்து, கடித்துப் பார்க்கச் சொல்லி, வழவழப்பாக்கி அனுப்பினாள். அன்று மதியம் வரவேண்டிய இரண்டு பேர் வரவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். ஆனால் பழைய நோயாளிகளில் மலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருவதை அவள் பனிக்காலத்திலிருந்தே கவனித்து வந்தாள். கயிற்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு தம்பியை விழவிட்டவளிடம் பல்லைக் காட்ட யாருக்கும் பயமில்லை. ஆனால் அவளைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இனிமேல் அந்தச் சங்கடத்துக்கு ஒரு பாட்டும் கிடைத்துவிட்டது.

ரோஸ்வித்தாவின் ரொட்டிக்கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். புர்கி போனபோது கடையில் நாலு பேர் நின்றார்கள். ரோஸ்வித்தா வெள்ளை ஏப்ரன் போட்டு, முழங்கை வரை மாவோடு, கம்பு ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். வெண்டலினைக் கல்யாணம் செய்துகொண்டு சமவெளியிலிருந்து வந்தவள். பதினேழு வருடம் புர்கியை "புர்கி, வாடி" என்று கூப்பிட்டவள். அடக்கத்தன்று கல்லறை வாசலில் கை கொடுக்காமல், "வந்ததுக்கு நன்றி, டாக்டரம்மா" என்று சொன்னதிலிருந்து அந்த மரியாதையை விடவே இல்லை. சொந்தத்துக்குள் மரியாதை கொடுப்பதை விடப் பெரிய கன்னத்தறை அந்த ஊரில் கிடையாது.

"சொல்லுங்க டாக்டரம்மா. என்ன ரொட்டி வேணும்?"

"ரொட்டி வேணாம். தகட்ட தப்பான இடத்துல மாட்டியிருக்கீங்க."

ஒரு கிழவர் வாங்கிய ரொட்டியை வாங்காதவர் போலக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாட்டுல தப்பிருக்கா?"

"இடத்துல தப்பிருக்கு. அவன் அங்க விழல."

"நீங்க சொல்றீங்க."

"நான்தான் அங்க இருந்தேன், ரோஸ்வித்தா. வேற யாரு சொல்லுவாங்க?"

"அதான் பிரச்சனையே," என்றாள் ரோஸ்வித்தா. கத்தியைத் துடைத்தாள். "அங்க இருந்தது நீங்க மட்டும்தான். உங்க பேச்சுதான் சாட்சி, உங்க பேச்சுதான் தீர்ப்பு. போலீஸ்காரங்க வந்து எல்லாத்தையும் சொல்றோம்னாங்க. வேணாம்னு கதவ சாத்திட்டேன். அவர் செத்தது எந்தக் கல்லுன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? கயிறு பையில இருந்துச்சு. அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்பறம் என்ன?"

"ஞாயித்துக்கிழமை நான் மேல போறேன். தகட்ட கழட்டி சரியான இடத்துல மாட்டப் போறேன். பாட்டுல ஒரு எழுத்தத் தொட மாட்டேன்."

"அத தொட்டுப் பாருங்க," என்றாள் ரோஸ்வித்தா. குரல் உயரவே இல்லை. "அடுத்தவங்க யாரு? அப்ஃபால்ட்டரர் ஐயா, உங்களுக்கு அரைக் கிலோதானே?"

ஞாயிற்றுக்கிழமை வெப்பக்காற்று வீசியது. அப்படிப்பட்ட நாளில் இன்ஸ்ப்ரூக்கில் மலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், மனிதர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள், நீதிபதிகள்கூட அன்று தீர்ப்பு எழுதாமல் இருப்பது நல்லது என்று சொல்வார்கள். புர்கி பையில் பேட்டரி டிரில், ஸ்பானர், ஆறு புதிய போல்ட், கயிறு எல்லாம் வைத்துக்கொண்டு முதல் கேபிள் காரில் ஏறினாள். உள்ளே ரோஸ்வித்தா நின்றிருந்தாள்.

வெண்டலினின் பை. வெண்டலினின் தலைக்கவசம், நெற்றிக்குப் பெரிதாக. காலில் தேய்ந்த நல்ல மலைப்பூட்ஸ். பையின் மேல் புத்தம் புதிய கயிறு ஒன்று, கடைச்சீட்டு கூடப் பிய்க்காமல்.

கோர்பினியன் இருவரையும் பார்த்து, தன் அடைத்த பல்லை நாக்கால் தடவினான்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியா? எடை தாங்குமான்னு பாக்கணும்."

அவன் கதவைச் சாத்தினான். மேலே நிலையத்தில் இறங்கும்போது புர்கியின் தோளைத் தட்டி, "பாத்துப் போ, புர்கி. காத்து பத்து மணிக்கு மேல பலமாகும்," என்றான். கீழே டாக்டர், நீங்கள். மேலே புர்கி, நீ. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் யாரும் யாருக்கும் மரியாதைப் பன்மை கொடுப்பதில்லை, மந்திரியாக இருந்தாலும் சரி. பிறகு கோர்பினியன் ரோஸ்வித்தாவிடம் திரும்பினான். "நீ இதுக்கு முன்னாடி இந்த முகட்டுக்குப் போயிருக்கியா?"

"இல்ல."

"குடில் வரைக்கும்?"

"பின்பக்கப் பாதையில. ரெண்டு தடவ."

"புர்கி கால் வைக்கிற இடத்துலயே கால் வை."

"டாக்டரம்மா வைக்கிற இடத்துலயா?" என்றாள் ரோஸ்வித்தா. "எனக்குக் கண்ணு இருக்கு."

ரம்ப முகடு நிலையத்திலிருந்து மேற்கே, மலையேறுகிறவர்கள் தங்கிச் சாப்பிடுகிற குடில் வரை ஓடுகிறது. தெற்கே நகரம், அவ்வளவு நேர் கீழே இருக்கிறது, டிராம் மணி கேட்கும். விமானநிலையத்துக்கு இறங்கும் விமானங்களின் முதுகைப் பார்க்கலாம். வடக்கே ஒன்றுமில்லை, கல்லும் நிழலும் ஜூலையிலும் கரையாத பனித்துண்டுகளும்தான். நடுவில் பல்பல்லாகப் பாறை. ஏறுவதற்குக் கஷ்டமான பாறை என்று சொல்ல முடியாது. இரண்டு கையும் இரண்டு காலும் இருந்தால் போதும். கைதவறினால் மட்டும் எங்கும் நிற்க முடியாது.

புர்கி மெதுவாகப் போனாள். ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். நல்ல கல் ஒரு சத்தம், சொத்தைக் கல் ஒரு சத்தம். பின்னால் ரோஸ்வித்தாவின் மூச்சு கேட்டது, அதுவும் சீராகத்தான் கேட்டது. மாவு பிசைந்து பிசைந்து இறுகிய கைகள். உயரத்தில் கால் கூசாதவள் என்று வெண்டலின் சொல்லியதுண்டு, ஆனால் மலையில் விருப்பமில்லாதவள் என்றும்.

மூன்றாவது பல்லுக்கு அப்புறம் முகடு கத்திமுனையாகக் குறுகுகிற ஓர் இடம். அங்கே நின்று நடப்பவர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் குதிரைமேல் உட்காருவது போல இருபக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து தவழ்வார்கள். புர்கி உட்கார்ந்தாள். காற்று தெற்கிலிருந்து அவள் சட்டையை ஊதியது. நடுவில் போய்த் திரும்பிப் பார்த்தாள். ரோஸ்வித்தா தொடக்கத்திலேயே நின்றுவிட்டாள். முகம் மாவு நிறம்.

"உக்காரு," என்றாள் புர்கி. "ரெண்டு பக்கமும் கால். தொடையால பிடி."

"முடியாது."

"அப்ப திரும்பிப் போ. நான் தகட்ட எடுத்துக்கறேன்."

ரோஸ்வித்தா கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்து உட்கார்ந்தாள். ஒரு கை, ஒரு தள்ளல். ஒரு கை, ஒரு தள்ளல். பாதியில் ஒரு கல் அவள் தொடைக்குக் கீழிருந்து வடக்குப் பக்கம் பிதுங்கி விழுந்தது. அது போய்ச் சேரும் சத்தம் நெடுநேரம் வரவில்லை. பிறகு வந்தது.

"புர்கி, அங்கயே இரு. போயிடாத. நீ அங்கயே இரு."

"இங்கதான் இருக்கேன்."

"எதையாவது பேசு."

"உன் கம்பு ரொட்டி இப்பெல்லாம் ரொம்ப புளிக்குது."

"பொய். நீ பத்து மாசமா வாங்கவே இல்ல."

"கோர்பினியன் வாங்கறான். அவன் சொன்னான்."

"அவனுக்கு நாக்குல ஒண்ணும் கிடையாது." ஒரு தள்ளல். "புளிச்சமாவுன்னா புளிக்கத்தான் செய்யும்." இன்னொரு தள்ளல். அவள் விரல்கள் புர்கியின் முழங்காலைத் தொட்டன. தொட்டதும் எடுத்துக்கொண்டாள்.

கம்பி வடம் தொடங்குகிற பாறையில் இரண்டு பேர் உட்கார்ந்து புகைவைத்த பன்றிக்கறியை ரொட்டியில் அடுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியூர் ஜோடி, இருபத்தைந்து வயதுக்குள். அவர்களுக்குத் தலைக்குமேல் தகடு வெயிலில் மின்னியது. பெண் அதைச் சத்தமாகப் படித்தாள், கடைசி வரியில் குரலைத் தாழ்த்தி.

"முன்னே போனவள்னா யாரு? பொண்டாட்டியா?"

"அக்காவாம்," என்றான் அவன். "குடில்ல சொன்னாங்க. கயித்த பையில வச்சுக்கிட்டே போயிருக்கா. இந்த இடத்துல. இங்க பாரேன், முளைகூட இருக்கு. கட்டறதுக்கு என்ன கேடு?"

"பாவி."

"நான்தான் அது," என்றாள் புர்கி, பையை இறக்கி வைத்துவிட்டு. "வணக்கம். கொஞ்சம் நகந்து உக்காந்தா நல்லாயிருக்கும், மேல இருக்கற போல்ட்ட கழட்டணும்."

அவன் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. இரண்டு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய வேகத்தில் மிச்சக் கறியைப் பாறையிலேயே விட்டுப் போனார்கள். மஞ்சள் மூக்குக் காக்கை ஒன்று வந்து அதை எடுத்துக்கொண்டது.

ரோஸ்வித்தா தகட்டுக்கு முன்னால் போய் முதுகைச் சாய்த்து நின்றாள். பின்னந்தலை பெயரை மறைத்தது.

"இத நீங்க எடுக்கக் கூடாது," என்றாள். மரியாதை திரும்பி வந்திருந்தது. "அவன் சொன்னத கேட்டீங்க இல்ல? எவனோ வெளியூர்ப் பையன். அவனுக்கே புரியுது. முளை இருக்கு. கம்பி இருக்கு. கட்டறதுக்கு என்ன கேடு?"

"இங்க கட்டினோம்."

"என்ன?"

"இங்க கயித்த எடுத்தோம். இந்த முளையில கட்டினேன். அவன நான் பிடிச்சேன், அப்பறம் அவன் என்னைப் பிடிச்சான். இது ரம்பத்துலயே கஷ்டமான இடம், ரோஸ்வித்தா. இங்க யாரு கட்டாம போவா? இதத் தாண்டி ரெண்டு பல்லு போனதும் கயித்தச் சுருட்டி என் பையில வச்சேன். அப்பறம்தான் கயிறு பையில தூங்குச்சு."

"பொய் சொல்றீங்க."

"இந்தத் தகட்ட மாட்டின பசங்ககிட்ட யாராவது இடத்த காட்டினாங்களா?"

ரோஸ்வித்தா தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கினாள்.

"இல்ல. ரம்ப முகட்டுல விழுந்தான்னு மட்டும் தெரியும். இங்க வந்து பாத்திருப்பானுங்க, எங்க கஷ்டமோ அங்கதானே விழுந்திருப்பான்னு நெனச்சிருப்பானுங்க. மலைக்காரப் புத்தி. எளிதான இடத்துல ஒருத்தன் செத்தான்னு நம்ப எவனுக்கும் மனசு வராது. நம்பினா நாளைக்கு அவன் எப்படி நடப்பான்?"

காற்று கம்பி வடத்தை மெல்ல அதிரவைத்தது.

"தள்ளி நில்லு," என்றாள் புர்கி.

"தள்ளலன்னா?"

"உக்காந்து காத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு நாளைக்கு எட்டு மணிக்குத்தான் முத நோயாளி. நீ விடியக்காலம் மூணு மணிக்கு மாவு பிசையணும்."

கீழே ஒரு விமானம் ஆற்றோரமாக இறங்கி, ஊருக்குள் மறைந்தது. ரோஸ்வித்தா ஒரு பக்கமாக நகர்ந்தாள். ஒத்துக்கொண்டவளாக அல்ல. "அந்த எடத்தக் காட்டுங்க. காட்டினதுக்கு அப்பறம் நான் சொல்றேன்," என்றாள்.

நான்கு நட்டுகளையும் கழற்றி, தகட்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தபோது அதன் கனம் புர்கியை ஆச்சரியப்படுத்தியது. அதையும் சுமந்துகொண்டு கம்பி வடத்தில் ஏறினாள். ரோஸ்வித்தாவைக் கயிற்றில் கட்டி, முளையில் சுற்றி, கை கையாக ஏற்றினாள். கயிற்றின் மறுமுனை இழுபடும்போது ரோஸ்வித்தா ஒவ்வொரு முறையும் மேலே நிமிர்ந்து முளையைப் பார்த்தாள்.

கடைசிப் பல்லுக்கு அப்பால் முகடு அகன்று சாய்ந்துபோகும். புல்லும் சரளையுமாக ஒரு சரிவு, அதில் ஆடுகள் போட்ட ஒற்றையடிப்பாதை. குடிலின் கூரை தெரியும். அதைப் பார்த்ததும் எல்லோரும் கயிற்றை அவிழ்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், கைகளை உதறிக்கொள்வார்கள். கோடையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடிலிலிருந்து இங்கே வரை வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அங்கேதான் புர்கி நின்றாள்.

"இங்கயா?" என்றாள் ரோஸ்வித்தா.

"இங்க. நான் அந்தக் கல்லுகிட்ட இருந்தேன். அவன் இங்க. இன்னிக்கு குடில்ல என்ன சூப் இருக்கும்னு கேட்டான். கேட்டு முடிக்கல. நான் திரும்பினப்ப புல்லு மட்டும் இருந்துச்சு."

ரோஸ்வித்தா சுற்றும் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது ஒரு பாறைச்சுவராக, ஒரு பிளவின் வாயாக, எதாவது ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இது ஆட்டுப்பாதை. ஒரு செம்மறி தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. சரிவு பத்தடி சாதுவாகப் போய், பிறகு விளிம்பு. விளிம்புக்கு அப்புறம் வடக்கு.

"இங்க கயிறு போட்டிருந்தா அவர் இருந்திருப்பார்," என்றாள், அவசரமாக, யாரோ அந்த வாக்கியத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல.

"போட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்."

"அது உங்க வசதிக்குச் சொல்றது."

"கயித்துக்கு ஒரு முனையில அவன், இன்னொரு முனையில நான். நடுவுல மலை பிடிச்சுக்கணும். மலை பிடிக்கலன்னா அது கயிறே இல்ல. உன்கிட்ட புதுக் கயிறு இருக்கே. எடு. என்னைக் கட்டு. எதுல கட்டுவன்னு சொல்லு, அதுல கட்டிக்கறேன்."

ரோஸ்வித்தா பையை இறக்கினாள். உண்மையாகவே கயிற்றை எடுத்தாள். கடைச்சீட்டு காற்றில் படபடத்தது. மேலே சரிவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. அங்கே போனாள். கயிற்றைச் சுற்றி இழுத்தாள். பாறை மாவுக்கட்டி போல ஆடியது. அடுத்ததற்குப் போனாள். அது கயிறு பட்டதுமே உதிர்ந்தது.

"உன்ன நான் அலைக்கழிக்கல," என்றாள் புர்கி. "தகட்ட மாட்டற வேலையும் எனக்கு இருக்கு."

இருப்பதில் பெரியதாக ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து டிரில்லை வைத்தாள். பல்லைப் போலத்தான். நல்ல பல்லில் டிரில் பாடும், சொத்தையில் இறங்கிவிடும். இது இறங்கியது. போல்ட்டை அடித்து, ஸ்பானரால் முறுக்கினாள். முறுக்க முறுக்கச் சுற்றியதே தவிர இறுகவில்லை.

"விடு," என்றாள் ரோஸ்வித்தா. "எங்கிட்ட குடு. நான் முறுக்கறேன்."

முழங்கை வரை வலுவுள்ள கை. அவள் ஸ்பானரை ஒரு சுற்று சுற்றினாள். பிறகு ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, போல்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்தாள். அது வந்துவிட்டது, பின்னாலேயே ஒரு கைப்பிடி மண்ணோடு.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இன்னொரு இடத்தில் துளைக்கச் சொன்னாள். புர்கி துளைத்தாள். அதையும் ரோஸ்வித்தாவே பிடுங்கினாள். மூன்றாவது இடத்தில் டிரில்லை வைப்பதற்கு முன்பே, "வேணாம்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் கவசம் சரிந்து கண்ணை மறைத்தது, அதைத் தூக்கி விடவில்லை.

"தகடே நிக்காது," என்றாள் கடைசியில்.

"நிக்காது."

"ஆளு எப்படி நிப்பான்."

பத்து மாதமாகப் புர்கி சொல்லக் காத்திருந்த பதில்கள் நிறைய இருந்தன. அவற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ரோஸ்வித்தா குடித்தாள்.

"நீதான் அவர வான்னு கூப்பிட்ட."

"நான்தான் கூப்பிட்டேன்."

"மழை நின்ன மறுநாளு."

"மறுநாளுதான். அதுக்கு என்னைத் திட்டு. கேட்டுக்கறேன். கயித்துக்கு மட்டும் என்ன திட்டாத."

ரோஸ்வித்தா துண்டிலிருந்து தகட்டைப் பிரித்தாள். மடியில் வைத்துக்கொண்டு பாட்டை ஒரு முறை படித்தாள், உதடு அசைய. பிறகு புர்கியின் ஸ்பானரை எடுத்து அதன் முனையை மூன்றாவது வரியின்மேல் வைத்து அழுத்தினாள். செம்பில் ஒரு கோடு விழுந்தது.

"என்ன பண்ற?"

"இந்த வரிய எடுத்துடறேன். முன்னே போனவளை. சுரண்டிட்டா போயிடும். மிச்சம் மூணு வரி போதும்."

"வேணாம்."

"ஏன்? இதுக்குத்தானே வந்த?"

"இதுக்கு வரல. இடத்துக்கு வந்தேன்." புர்கி ஸ்பானரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், பிடுங்காமல், ஆனால் விடாமல். "சுரண்டினா எல்லாரும் என்ன சொல்லுவாங்க? டாக்டரம்மா மேல போய்த் தன் பேர அழிச்சுட்டு வந்தாங்கன்னு. ஆயுசுக்கும் அதயே சொல்லுவாங்க. நீ எழுதின. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். இங்க இருக்கட்டும். வர்றவன் படிப்பான், படிச்சுட்டுக் கயிறு எங்க கட்டறதுன்னு சுத்திப் பாப்பான். பாக்கட்டும்."

"எனக்கே அசிங்கமா இருக்கு, இத இங்க வைக்க."

"அது உன் பாடு."

ரோஸ்வித்தா நிமிர்ந்து பார்த்தாள். கோபமா அழுகையா என்று அந்த முகத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் வெகுநாளாக ஒரே வீட்டில் இருந்து பழகிவிட்டன.

"நான் உன்ன மன்னிக்கல," என்றாள்.

"நான் கேக்கல."

புர்கி பாதைக்கு மேலே, ஆடு மிதிக்காத இடமாகப் பார்த்துத் தகட்டை நிமிர்த்தி வைத்தாள். நகரத்துக்கு முகம் காட்டி வைக்கலாம். அவள் பாதைக்கு முகம் காட்டி வைத்தாள். பின்னால் கல் அடுக்கினாள். ஒவ்வொரு கல்லாகத் தேடி, தட்டிப் பார்த்து, உதிர்வதைத் தூக்கி எறிந்து, உதிராததைக் கொண்டு வந்தாள். கைகள் வெள்ளையாகிவிட்டன. வேலை மெதுவாகத்தான் நடந்தது.

"பனி பெஞ்சா இது நிக்குமா?" என்றாள் ரோஸ்வித்தா. உதவிக்கு எழுந்திருக்கவில்லை.

"நிக்காது. பனியோட கீழ போயிடும்."

"அப்பறம்?"

"பனி கரைஞ்சதும் நான் வடக்குப் பக்கமா இறங்கித் தேடுவேன். எங்க கிடந்தாலும் தூக்கிட்டு வந்து இங்கயே வைப்பேன்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"முட்டி இருக்கற வரைக்கும்."

"இந்தப் பாட்டோடயா?"

"இந்தப் பாட்டோடதான்."

ரோஸ்வித்தா எழுந்தாள். புதுக் கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டத் தெரியவில்லை, கொத்தாக அள்ளிப் பைக்குள் திணித்தாள். குடில் பக்கம் இறங்குகிற ஆட்டுப்பாதையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், ஒவ்வொரு அடியையும் ஊன்றிப் பார்த்து வைத்து. கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

"வர்றியா, இல்ல அங்கயே குடியிருக்கப் போறியா?"

"இன்னும் ரெண்டு கல்லு," என்றாள் புர்கி. குனிந்து அடுத்த கல்லைத் தட்டினாள். சத்தம் பிடிக்கவில்லை. அதை வடக்கே உருட்டிவிட்டு வேறொன்றைத் தேடினாள்.